ரோடு பைக்குக்கு எடை குறைந்த சக்கரம் வாங்கலாமா? எடைபோட்டுக் கணக்குப் பார்த்து முடிவெடுக்கும் முறை

ரோடு பைக்கோடு சேர்ந்தே வரும் சக்கர ஜோடி பெரும்பாலும் 1,800 முதல் 2,100 கிராம் வரை இருக்கும். நல்ல அலுமினிய ஜோடி 1,500–1,600 கிராம். ரிம் (சக்கரத்தின் வெளி வளையம்) 40–50 மி.மீ. ஆழமுள்ள கார்பன் ஜோடி 1,300–1,500 கிராம். ஆக, மாற்றினால் மிச்சமாவது 300 முதல் 600 கிராம். அது சாலையில் எத்தனை வினாடி என்பதை வாங்குவதற்கு முன்பே ஒரு பெருக்கலிலும் ஒரு வகுத்தலிலும் கண்டுபிடித்துவிடலாம். பலர் இந்தக் கணக்கைப் போடாமலேயே பணத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். அதன்பிறகு வித்தியாசம் தெரிந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் வந்துவிடுகிறது.

படி 1: இப்போது இருப்பதை எடைபோடுங்கள்

1 கிராம் துல்லியமுள்ள சமையலறைத் தராசு போதும். தட்டு சிறியதாக இருந்தால் அதன்மேல் ஒரு வாளியைக் கவிழ்த்து, பூஜ்யமாக்கிவிட்டுச் சக்கரத்தைப் படுக்க வையுங்கள். டயர், டியூப், கேசட் (பின்சக்கரத்தின் பல்சக்கரத் தொகுதி), டிஸ்க் ரோட்டர் (டிஸ்க் பிரேக் பிடிக்கும் உலோகத் தட்டு), குயிக் ரிலீஸ் (சக்கரத்தைப் பிடித்திருக்கும் நெம்பு அச்சு) எல்லாவற்றையும் கழற்றிவிட்டு முன்சக்கரம், பின்சக்கரம் இரண்டையும் தனித்தனியாக எடுங்கள். ரிம் டேப் (ரிம்மின் உள்துளைகளை மூடும் நாடா) அப்படியே இருக்கட்டும். ஆனால் இருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு டயரையும் டியூபையும் தனியாக எடைபோடுங்கள். இதைத் தவறவிடாதீர்கள். முடிவை மாற்றப்போவது பெரும்பாலும் இந்த இரண்டு எண்கள்தான்.

புதிய சக்கரத்துக்குத் தயாரிப்பாளர் சொல்லும் எடையை அப்படியே நம்பி ஒப்பிட வேண்டாம். டேப், ட்யூப்லெஸ் (டியூப் இல்லாத டயர்) வால்வு, குயிக் ரிலீஸ் எதுவும் அந்த எண்ணில் சேர்ந்திருக்காது. கூடவே ஐந்து சதவீதம் முன்பின் இருக்கலாம் என்ற வரியும் எங்காவது சிறிய எழுத்தில் இருக்கும். 1,400 என்று போட்டிருப்பது கைக்கு வரும்போது 1,470 ஆக இருந்தால் அதிர்ச்சியடைய ஒன்றுமில்லை.

படி 2: ஏற்றக் கணக்கு

எடை குறைவது நிஜமாகப் பலன் தருவது ஏற்றத்தில். அதற்கான சூத்திரம்:

மிச்சமாகும் வினாடி = குறையும் எடை (கிலோ) × 9.81 × ஏறும் உயரம் (மீட்டர்) ÷ உங்கள் வாட் (மிதிக்கும் சக்தி)

7% சரிவில் 10 கி.மீ. ஏற்றம் என்று வைத்துக்கொள்வோம். உயரம் 700 மீட்டர். ஓட்டுபவரும் பைக்கும் சேர்ந்து 80 கிலோ, மிதிப்பது 250 வாட். வேகம் மணிக்குச் சுமார் 14 கி.மீ.; மேலே போய்ச் சேர ஏறக்குறைய 43 நிமிடம். சக்கரத்தில் 400 கிராம் குறைத்தால் 0.4 × 9.81 × 700 ÷ 250, அதாவது 11 வினாடி.

மனக்கணக்காக வைத்துக்கொள்ள இன்னும் எளிய வழி உண்டு: 200 வாட்டில் ஓட்டுபவருக்கு, 1,000 மீட்டர் உயரம் ஏறும்போது ஒவ்வொரு 100 கிராமுக்கும் 5 வினாடி. 750 மி.லி. தண்ணீர் பாட்டிலை நிரப்பாமல் விட்டாலே பல கார்பன் சக்கரங்கள் தருவதைவிட அதிகம் கிடைக்கும். தாகம் வேறு விஷயம்.

எடை குறைந்தவர்களுக்கும் குறைந்த வாட்டில் ஓட்டுபவர்களுக்கும் பலன் கூடும். 150 வாட்டில் அதே ஏற்றத்தை ஏறுபவர் 500 கிராம் குறைத்தால் 23 வினாடி மிச்சம். ஆனால் அவருக்கு ஏற்றம் முடியவும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

சமதளத்தில் இந்தக் கணக்கே தேவையில்லை. மணிக்கு 35 கி.மீ. வேகத்தில் 400 கிராம் கூடுதல் எடை கேட்பது உருளும் உராய்வுக்கான கால் வாட் கூட இல்லை.

"சுழலும் எடை இரண்டு மடங்கு" என்பதில் எவ்வளவு உண்மை?

இயற்பியல் சரிதான். ரிம்மின் விளிம்பில் இருக்கும் எடை முன்னோக்கியும் நகர்கிறது, சுழலவும் செய்கிறது. அதனால் வேகமெடுக்கும்போது மட்டும் அது ஏறக்குறைய இரட்டிப்பாகக் கணக்காகும். "மட்டும்" என்பதை அழுத்திப் படியுங்கள். சீரான வேகத்தில், ஏற்றமானாலும் சமதளமானாலும், ஒரு கிராம் ஒரு கிராம்தான். ஒவ்வொரு மிதிக்கும் வேகம் சற்றே ஏறி இறங்குகிறதே என்று கேட்டால், கனமான ரிம் மெதுவாக ஏறும், அதே மாதிரி மெதுவாக இறங்கும். எடுத்த ஆற்றலைத் திருப்பித் தந்துவிடுகிறது. பிரேக் பிடிக்கும்போதுதான் அது வீணாகிறது.

வேகமெடுப்பதிலும் எண்ணைப் பார்த்துவிடுவோம். வளைவிலிருந்து வெளியே வந்து 25-லிருந்து 35 கி.மீ. வேகத்துக்கு முறுக்குகிறீர்கள். ரிம்மில் 400 கிராம் குறைவாக இருந்தால் மிச்சமாகும் ஆற்றல் சுமார் 18.5 ஜூல். 500 வாட்டில் மிதிப்பவருக்கு அது 0.04 வினாடி. ஒரே வட்டத்தைத் திரும்பத் திரும்பச் சுற்றும் பந்தயத்தில் நூறு வளைவு வந்தால் மொத்தம் 1,850 ஜூல். ஒரு மணி நேரம் 250 வாட்டில் செலவாகும் 9 லட்சம் ஜூலுக்கு முன்னால் இது 0.2%. குழுவின் கடைசியில் ஒவ்வொரு வளைவிலும் இடைவெளியை மூட உயிரைக் கொடுப்பவருக்கு அந்த 0.2% கூட உதவலாம். மற்றவர்களுக்கு இல்லை.

இன்னொன்று: குறைந்த எடை எங்கே குறைந்தது என்று பாருங்கள். ஹப் மையத்தில் இருப்பதால் அதில் குறையும் கிராமுக்கு இந்த இரட்டிப்புச் சலுகையும் கிடையாது. இரண்டு ஜோடி ஒரே எடை என்றால் ரிம் எடையைத் தனியாகக் கேளுங்கள். அலுமினிய ரிம் ஒன்று 450–550 கிராம் இருக்கும்.

அப்படியென்றால் புதுச் சக்கரம் போட்டதும் பைக் "பறக்கிறது" என்கிறார்களே? அந்த உணர்வு பொய்யில்லை. எழுந்து நின்று மிதிக்கும்போது பைக் இடவலமாகச் சுலபமாக ஆடும், ஹேண்டில் திருப்புவது லேசாகும், ஃப்ரீஹப் (ஹப்பில் கேசட் உட்காரும் பகுதி) சட்டென்று பிடிக்கும், ஆழமான கார்பன் ரிம் உள்ளீடற்ற ஒரு சத்தம் எழுப்பும். கூடவே புது டயரும் போட்டிருப்பார்கள். இவை எல்லாம் சேர்ந்துதான் அந்த உணர்வு. அதற்காகவே வாங்குவதும் நியாயமான காரணம்தான். ஆனால் அதை வினாடிக் கணக்கில் எழுதாதீர்கள்.

படி 3: சக்கரத்துக்கு முன் டயரைப் பாருங்கள்

முதல் படியில் குறித்த டயர், டியூப் எடைகளை இப்போது எடுங்கள். கம்பி விளிம்புள்ள சாதாரண 28 மி.மீ. டயர் சுமார் 380 கிராம், பியூட்டைல் டியூப் 110 கிராம். ஒரு பக்கத்துக்கு 490. மடிக்கக்கூடிய நல்ல பந்தய டயர் சுமார் 240, டி.பி.யூ. (லேசான பிளாஸ்டிக்) டியூப் 40, மொத்தம் 280. இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து 420 கிராம் குறைந்தாயிற்று. அதுவும் மையத்திலிருந்து மிகத் தொலைவான விளிம்பில். ஒரு கார்பன் ஜோடி தரும் எடைக் குறைப்பு இது.

ஆனால் டயரில் எடை சின்ன விஷயம். பெரிய விஷயம் உருளும் தடை. மந்தமான டயரின் உருளும் தடைக் கெழு 0.005–0.006, நல்ல டயருடையது 0.003–0.004. இந்த 0.002 வித்தியாசம் 80 கிலோவுக்கு மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் 13 வாட். மேலே சொன்ன அதே 7% ஏற்றத்தில் ஏறக்குறைய ஒரு நிமிடம் மிச்சம். சக்கரம் தந்தது 11 வினாடி. நல்ல டயர் போடாமல் கார்பன் சக்கரம் தேடுவது கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிற கதை.

டி.பி.யூ. டியூபில் ஓர் எச்சரிக்கை. சில வகைகள் வெப்பத்தைத் தாங்காது. ரிம் பிரேக் வைத்திருப்பவர்கள், ரிம் பிரேக்குக்கு ஏற்றது என்று உறையில் போட்டிருக்கிறதா என்று பார்த்தே வாங்குங்கள். லேடெக்ஸ் டியூபும் வேகமானதுதான், ஆனால் தினமும் காற்றடிக்க வேண்டும்.

ட்யூப்லெஸ் என்றால் எடை குறையும் என்பது பாதி உண்மை. ட்யூப்லெஸ் டயர் 280–320 கிராம், சீலன்ட் (ஓட்டையை அடைக்கும் திரவம்) 30–40 மி.லி., வால்வு சில கிராம். கூட்டிப் பாருங்கள், டி.பி.யூ. டியூப் போட்ட டயரைவிட அதிகமாகவே வரும். ட்யூப்லெஸ் போடுவது சிறு பஞ்சர்கள் தானாக அடைபடவும், குறைந்த அழுத்தத்தில் ஓட்டவும்தான்.

காற்றழுத்தத்தையும் சரி செய்துவிடுங்கள், செலவே இல்லை. மொத்தம் 80–85 கிலோ, நிஜ அகலம் 28 மி.மீ. என்றால் பின்னால் 70 பி.எஸ்.ஐ. அளவில் தொடங்கி, முன்னால் ஐந்து முதல் பத்து சதவீதம் குறையுங்கள். 100 பி.எஸ்.ஐ. அடித்துவிட்டு "சக்கரம் குதிக்கிறது, மாற்ற வேண்டும்" என்று முடிவெடுப்பவர்கள் உண்டு.

படி 4: காற்றா, எடையா?

சமதளத்தில் ஓட்டுபவருக்கு ரிம்மின் ஆழம் எடையைவிட முக்கியம். தட்டையான பெட்டி வடிவ ரிம்மிலிருந்து 45–50 மி.மீ. ரிம்முக்கு மாறினால் 40 கி.மீ. வேகத்தில் சில வாட் முதல் பத்து வாட் வரை கிடைக்கும். காற்றுத் தடைக்கான வாட் வேகத்தின் மும்மடியில் ஏறுவதால், 28 கி.மீ. வேகத்தில் அதில் மூன்றில் ஒரு பங்குதான் தேறும். உங்கள் சராசரி வேகத்தை நேர்மையாக எழுதிக்கொண்டு இதைப் படியுங்கள்.

சர்வதேச சைக்கிளிங் சங்கமான யூ.சி.ஐ., பந்தய பைக்கின் குறைந்தபட்ச எடையை 2000-ஆம் ஆண்டு முதல் 6.8 கிலோவாக வைத்திருக்கிறது. ஆனாலும் இன்றைய தொழில்முறை வீரர்களின் டிஸ்க் பிரேக் பைக்குகள் பல 7 கிலோவுக்கு மேல்தான் நிற்கின்றன. இன்னும் குறைக்க வழியிருந்தும் ஆழமான ரிம்மைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

ஆழமான ரிம்மின் பலன் டயர் அகலத்தையும் பொறுத்தது. ரிம்மின் வெளி அகலம், டயரின் நிஜ அகலத்தைப் போல் 105% இருக்க வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் விதி. 30 மி.மீ. ஆக விரிந்து நிற்கும் டயரை 26 மி.மீ. ரிம்மில் போட்டால் ஆழத்துக்குக் கொடுத்த காசில் பாதி வீண். பக்கக்காற்றில் முன்சக்கரத்தைக் காற்று பிடித்து இழுக்கும். 60 கிலோவுக்குக் கீழே இருப்பவர்கள் முன்னால் 35–40 மி.மீ. ஆழத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

பேரிங்கைப் பற்றி ஒரே வரி: ஸ்டாண்டில் வைத்துச் சுற்றினால் யாருடைய சக்கரம் அதிக நேரம் சுற்றுகிறது என்ற போட்டிக்கும் சாலை வேகத்துக்கும் சம்பந்தமில்லை.

படி 5: வாங்குவதா, வேண்டாமா?

இந்த நிலைமைகளில் வாங்குவது சரி:

– ரிம் பிரேக்கின் பிரேக் பரப்பு குழிந்துவிட்டது, அல்லது தேய்மானக் குறி மறைந்துவிட்டது. இங்கே கேள்வியே இல்லை, மாற்றியாக வேண்டும். மாற்றும்போது லேசானதாக வாங்கிக்கொள்ளலாம்.
– பின்சக்கரத்தில் ஸ்போக் அடிக்கடி உடைகிறது. ஒன்று உடைந்தால் தற்செயல். மூன்று உடைந்தால் இழுவிசை சரியாக வைத்துக் கட்டாத சக்கரம்.
– ரிம்மின் உள் அகலம் 15–17 மி.மீ., ஆனால் 28–30 மி.மீ. டயர் போட வேண்டும்.
– இப்போதைய ஜோடி 1,900 கிராமுக்கு மேல், நல்ல டயர் ஏற்கெனவே போட்டாயிற்று, மலையேற்றப் பந்தயத்தில் பத்து வினாடி உங்கள் இடத்தை மாற்றும்.

1,600 கிராம் ஜோடியிலிருந்து 1,400-க்குப் போக நினைப்பவர்கள், படி 2-இல் வந்த வினாடியால் விலையை வகுத்துப் பாருங்கள். 200 கிராமுக்கு, அதே 10 கி.மீ. ஏற்றத்தில், ஐந்தரை வினாடி. அந்த எண்ணைப் பார்த்த பிறகும் வாங்கத் தோன்றினால் வாங்குங்கள்; ஆசைக்கு வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்குவதில் தப்பில்லை.

மொத்த எடை 100 கிலோவைத் தாண்டுபவர்கள் எடை வரம்பை முதலில் படியுங்கள். மிக லேசான ஜோடிகள் ஸ்போக் எண்ணிக்கையைக் குறைத்துத்தான் அந்த எடையை எட்டுகின்றன. பின்னால் 28 ஸ்போக் உள்ள 1,550 கிராம் அலுமினியச் சக்கரம் இவர்களுக்குப் பல ஆண்டு உழைக்கும். நிப்பிள் (ஸ்போக்கை ரிம்மில் பிடிக்கும் சிறு திருகு) பித்தளையா என்று கேளுங்கள். அலுமினிய நிப்பிள் முழு ஜோடிக்கும் சேர்த்து மிச்சம் பிடிப்பது 30–40 கிராம்தான். வியர்வையும் உப்பும் பட்டால் அரித்து ஸ்போக்கோடு ஒட்டிக்கொள்ளும், திருப்பினால் தலை உடையும். ஸ்போக் அந்த நிறுவனத்துக்கே உரியதா, எங்கும் கிடைக்கும் சாதாரண ஸ்போக்கா என்பதும் பின்னாளில் பெரிய கேள்வியாகும்.

படி 6: பொருந்துமா?

திருப்பி அனுப்பப்படும் சக்கரங்களில் பல, இங்கே பார்க்காமல் வாங்கியவை.

அச்சு: டிஸ்க் ரோடு பைக்கில் பெரும்பாலும் முன்னால் 12×100, பின்னால் 12×142 மி.மீ. த்ரூ ஆக்ஸில் (ஹப்பின் ஊடே போய்த் திருகி இறுகும் அச்சு). ரிம் பிரேக் பைக்கில் குயிக் ரிலீஸ், முன்னால் 100, பின்னால் 130 மி.மீ.

ரோட்டர்: சென்டர் லாக்கா (ஒரே வளையத்தால் இறுக்குவது), ஆறு போல்ட்டா? மாறினால் அடாப்டரோ புது ரோட்டரோ வேண்டும்.

ஃப்ரீஹப்: ஷிமானோ 11-ஸ்பீடு ரோடு ஃப்ரீஹப் பழையதைவிட 1.85 மி.மீ. நீளம். அதில் 8, 9, 10-ஸ்பீடு கேசட் போட 1.85 மி.மீ. ஸ்பேஸர் தேவை, 10-ஸ்பீடு கேசட் சிலவற்றுக்கு இன்னொரு 1 மி.மீ. ஸ்பேஸரும் வேண்டியிருக்கும். 10 பல்லில் தொடங்கும் ஸ்ராம் 12-ஸ்பீடு ரோடு கேசட்டுக்கு எக்ஸ்.டி.ஆர். வகை வேண்டும். கம்பக்னோலோவுக்குத் தனி வகை.

இடைவெளி: அகலமான ரிம்மில் டயர் விரியும். 28 என்று எழுதிய டயர் 21 மி.மீ. உள் அகலத்தில் 29–30 வரை வரலாம். ஃபோர்க்கிலும் சங்கிலிப் பக்கத்திலும் குறைந்தது 4 மி.மீ. இடைவெளி வேண்டும்.

வால்வு: 50 மி.மீ. ரிம்முக்கு 70–80 மி.மீ. வால்வு. இதை மறந்துவிட்டு முதல் நாளே டியூபைக் கையில் வைத்துக்கொண்டு விழிப்பவர்கள் ஏராளம்.

விளிம்புக் கொக்கி இல்லாத ரிம் என்றால் அழுத்தம் 5 பார், அதாவது 72.5 பி.எஸ்.ஐ.க்கு மேல் போகக் கூடாது. டயரும் அந்த வகை ரிம்முக்கு அனுமதிக்கப்பட்டதாக இருக்க வேண்டும், ரிம் அகலத்துக்குச் சொல்லப்பட்ட குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகக் கூடாது. மீறினால் டயர் ரிம்மை விட்டு எகிறும்.

படி 7: மாட்டுவது

முதலில் வெறும் சக்கரத்தை மாட்டிச் சுற்றிப் பாருங்கள். ஃபோர்க்கில் ஒரு ஜிப் டையைக் கட்டி, அதன் நுனியை ரிம்முக்குப் பக்கத்தில் வையுங்கள். நெளிவு அரை மி.மீ.க்குள் இருக்க வேண்டும். ஒரே பக்க ஸ்போக்குகளை ஒவ்வொன்றாகச் சுண்டிப் பாருங்கள். ஒலி ஒரே சுருதியில் வர வேண்டும். ஒன்று மட்டும் மந்தமாக "டொக்" என்றால் அது தளர்ந்த ஸ்போக். பின்சக்கரத்தில் இடது பக்கம் வலதைவிட மந்தமாக ஒலிப்பது இயல்பு, அங்கே இழுவிசை குறைவு.

கேசட்டின் லாக்ரிங்கையும் (பூட்டு வளையம்) சென்டர் லாக் ரோட்டரின் லாக்ரிங்கையும் 40 நியூட்டன் மீட்டருக்கு இறுக்குங்கள். மாட்டியபின் கேசட்டைக் கையால் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் ஸ்பேஸர் விட்டுப்போயிருக்கிறது. ரோட்டரின் முகத்தை விரலால் தொட வேண்டாம். எண்ணெய்ப் பசை பட்டால் பிரேக் கீச்சிடும். ரோட்டர் பேடில் உரசினால் காலிப்பர் போல்ட் இரண்டையும் தளர்த்தி, லீவரை அழுத்திப் பிடித்தபடி மறுபடி இறுக்குங்கள்.

அடுத்து டெரெய்லரின் (சங்கிலியைப் பல் மாற்றும் கருவி) வரம்புத் திருகுகள். ஹப் மாறினால் கேசட் நிற்கும் இடம் ஒரு மி.மீ. அளவுக்கு நகரலாம். மிகப் பெரிய பல்லுக்கு மெதுவாக மாற்றி, டெரெய்லரைக் கையால் உள்ளே தள்ளிப் பாருங்கள். கூண்டு ஸ்போக்கைத் தொடக் கூடாது. இதைப் பார்க்காமல் முதல் ஏற்றத்துக்குப் போனால் சக்கரம், டெரெய்லர், அதைத் தாங்கும் ஃபிரேமின் கொக்கி மூன்றும் ஒன்றாகப் போய்விடும்.

ரிம் பிரேக்கில் கார்பன் ரிம் போட்டால் கார்பனுக்கான பேட் கட்டாயம். அலுமினிய ரிம்மில் ஓடிய பேடில் உலோகத் துணுக்குகள் புதைந்திருக்கும்; அவை கார்பனை அறுத்துவிடும். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை விடாமல் தேய்த்துக்கொண்டு இறங்கினால் ரிம் சூடேறி அடுக்குகள் பிரியும். விட்டுவிட்டு, அழுத்தமாகப் பிடிக்கப் பழகுங்கள்.

100–200 கி.மீ. ஓடியதும் ஸ்போக்குகளை மறுபடி சுண்டிப் பாருங்கள், லாக்ரிங்கை மறுபடி இறுக்கிப் பாருங்கள்.

படி 8: பலனை அளப்பது

ஏற்றத்தில் 400 கிராம் தரும் வித்தியாசம் அரை சதவீதம். நல்ல பவர் மீட்டரின் பிழையே ஒன்று முதல் இரண்டு சதவீதம். லேசான முதுகுக்காற்று, ஒரு பாட்டில் தண்ணீர், பத்து பி.எஸ்.ஐ. வித்தியாசம், எதுவும் அரை சதவீதத்தை விழுங்கிவிடும். ஆகவே பழைய சக்கரத்தில் ஒரு நாள், புதியதில் ஒரு நாள் என்று ஓட்டி வரும் நேர வித்தியாசம் எதையும் நிரூபிக்காது.

சோதித்தே தீர வேண்டுமென்றால் காற்றில்லாத காலையில், ஒரே ஏற்றத்தில், ஒரே வாட்டில், பழையது–புதியது–புதியது–பழையது என்ற வரிசையில் ஓட்டுங்கள். இரண்டு ஜோடியிலும் ஒரே டயர், ஒரே அழுத்தம் இருக்க வேண்டும். பழைய ஜோடியின் இரண்டு ஓட்டங்களுக்கு நடுவே இருக்கும் வித்தியாசமே பத்து வினாடியைத் தாண்டினால், உங்கள் சோதனை இந்த அளவைப் பார்க்கும் திறனுள்ளதல்ல. அங்கே சூத்திரம் சொல்லும் எண்ணையே நம்பலாம்.

பழைய ஜோடியை உடனே விற்றுவிட வேண்டாம். பழைய கேசட்டோடும் டயரோடும் அப்படியே எடுத்து வைத்தால் மழைக்கால ஓட்டத்துக்கும் வீட்டுக்குள் ஓட்டும் டிரெய்னருக்கும் உதவும். டிஸ்க் பிரேக் என்றால் இரண்டு ஜோடியின் ரோட்டரும் ஒரே இடத்தில் நிற்கும்படி 0.2 மி.மீ. ஷிம் (மெல்லிய வளையத் தகடு) வைத்துச் சரிசெய்துகொள்ளுங்கள். ஒவ்வொரு முறை மாற்றும்போதும் காலிப்பரைத் தொட வேண்டியிருக்காது.